சுகுணா வெல்டு வைத்த தொட்டி

பாத்திரத்தின் கைப்பிடி கழன்று போனால் ஜனங்கள் முதலாளியைத் திட்டுவதில்லை. கடை வாசலில் முதலில் கண்ணில் படுகிற ஆளைத்தான் பிடித்துக்கொள்வார்கள். புதுக்கோட்டையில் ஒரு எவர்சில்வர் பாத்திரக் கடையில் பதினோரு வருஷம் அந்த ஆளாக நின்றவள் சுகுணா.

"வாங்கி ஆறு மாசம் ஆகலை. தூக்குனேன், கையோட வந்துருச்சு. நல்லாப் பாருங்க."

பார்ப்பாள். பார்த்து, வயர்கூடையில் போட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முத்துராஜ் பட்டறைக்குக் கொண்டு போவாள். கேட்டும் கிரில்லும் செய்கிற பட்டறை அது. எவர்சில்வருக்கு வெல்டு வைக்க ஆர்கான் வாயு ஓடுகிற மிஷின் வேண்டும். அப்போது அந்தப் பக்கத்தில் அது முத்துராஜிடம்தான் இருந்தது. முத்துராஜ் கெட்டவரில்லை. ஆனால் இரும்பு ஆள். பெரிய கேட்டை முடித்துவிட்டு, அதே கையோடு, அதே பிரஷ்ஷால் குக்கரையும் தேய்த்துக் கொடுப்பார். ஒரு வாரம் கழித்து வெல்டைச் சுற்றிப் பழுப்புப் புள்ளி பூத்துவிடும். மறுபடியும் திட்டு சுகுணாவுக்கு.

ஒருநாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "அண்ணே, இரும்பு தேச்ச பிரஷ்ஷை இதுக்குப் போடாதீங்கண்ணே. அந்தத் தூளு ஒட்டிக்கிட்டுத்தான் துரு வருது."

முத்துராஜ் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "பாத்திரம் விக்கிறவுக பாத்திரத்தை வில்லுங்க தங்கச்சி. இல்லாட்டி ஒரு மிஷினை வாங்கி வீட்டுல வெச்சு நீங்களே வெல்டு வெச்சுக்கங்க."

பட்டறையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். சுகுணா கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஆனால் அவர் சொன்னதில் பாதி அவளுக்கு யோசனையாகவே பட்டது.

அவள் சீட்டு எடுத்தபோது நாற்பத்தொரு வயது. ஊர் வல்லத்திராக்கோட்டை, கட்டிக்கொடுத்தது திருக்கோகர்ணத்தில். புருஷன் திருமுருகன் டவுன் பஸ் ஓட்டுகிறார். மகள் மோகனப்ரியா காலேஜில் கெமிஸ்ட்ரி படிக்கிறாள். சீட்டுப் பணத்தில் சங்கிலி வரும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருக்க, ஒரு சனிக்கிழமை ஆட்டோவில் மிஷின் வந்து இறங்கியது. பின்னாலேயே ஆள் உயரத்தில் பாதிக்கு ஒரு காஸ் சிலிண்டர்.

திருமுருகன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "ஏன் சுகுணா, கழுத்துல இதை எப்படிப் போடுவே?"

"போட மாட்டேன். கட்டி வெப்பேன். போயி ஒரு சங்கிலி வாங்கிட்டு வாங்க."

"பாத்தியா, கடைசியில சங்கிலிக்கே வந்துட்டா!"

இரும்புச் சங்கிலி வந்தது. சிலிண்டர் சாயாமல் பின்கட்டுச் சுவரோடு சேர்த்துக் கட்டினார்கள். துவைக்கிற கல்லுக்கு மேலே போட்டிருந்த தகரக் கொட்டகைதான் பட்டறை. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு. புகை போக அந்தத் திறப்பு வேண்டும். ஆனால் காற்று வந்தால் ஆர்கான் கலைந்து வெல்டு கெட்டுவிடும். ஒரு பழைய போர்வையை முழங்கால் உயரத்துக்கு மறைப்பாகக் கட்டினாள். ஃபேன் போட முடியாது. நைலான் சேலை பொறி பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும் என்று திருமுருகனின் பழைய காக்கிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். அது பருத்தி, முழுக்கை. பையில் டிப்போ முத்திரைகூட அப்படியே இருந்தது.

முதல் நாள் அவளால் ஒரு கோடு போட முடியவில்லை. டார்ச்சின் முனையில் பென்சில் மாதிரி கூராக்கிய ஒரு டங்ஸ்டன் கம்பி இருக்கும். அது தகட்டைத் தொடாமல் ஒரு அரிசி உயரத்துக்கு நிற்க வேண்டும். தொட்டால் ஒட்டிக்கொள்ளும், மறுபடி எடுத்துச் சாணை பிடிக்க வேண்டும். காலையில் இருந்து மத்தியானத்துக்குள் பதினேழு தடவை சாணை பிடித்தாள். இரண்டாம் நாள் முகமூடியைச் சரியாக இறக்காமல் ஒரு நொடி பார்த்துவிட, ராத்திரி முழுக்கக் கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல். திருமுருகன் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது, "மிஷினை வித்தா பாதி வெலைக்காச்சும் போகுமா?" என்று கேட்டார்.

"போகாது," என்றாள் சுகுணா, கண்ணை மூடிக்கொண்டே.

மூன்று மாதம் துண்டுத் தகடுகளோடுதான் மல்லுக்கட்டினாள். மெல்லிசுத் தகடு சூடு தாங்காது. கொஞ்சம் நின்றால் ஓட்டை, வேகமாக நகர்ந்தால் பிடிக்காது, ஒரே பக்கமாகப் போனால் அப்பளம் மாதிரி நெளிந்துகொள்ளும். கரண்டை நாற்பத்தைந்து ஆம்பியருக்குக் குறைத்தாள். அடியில் செம்புப் பட்டை கொடுத்துச் சூட்டை இழுத்தாள். அங்கொன்றும் இங்கொன்றுமாக முதலில் புள்ளி வைத்துப் பிடித்துக்கொண்டு, பிறகு கோடு போட்டாள். வலது கை டார்ச்சை நகர்த்த, இடது கை, உருகி வெல்டில் சேர்கிற தனிக் கம்பியைத் தொட்டுத் தொட்டு ஊட்ட வேண்டும். இரண்டு கைக்கும் வேறு வேறு வேலை. மோகனப்ரியாவை இடுப்பில் வைத்துச் சோறூட்டிக்கொண்டே தோசை திருப்பின கைதானே, அது ஒருநாள் தானாகவே பிடிபட்டது. அன்றைக்கு முகமூடியைத் தூக்கிப் பார்த்தபோது கோடு வைக்கோல் நிறத்தில், ஓரத்தில் லேசாக நீலம் ஓடி, அடுக்கி வைத்த சில்லறை மாதிரி வரி வரியாகக் கிடந்தது. அந்தத் துண்டை அலமாரியில் பட்டுச் சேலைக்கு நடுவே வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு சோப்பு டப்பா ஒன்று, அது கோணல். பாத்ரூமில் துண்டு போடுகிற கம்பி, அது நேர். தண்ணீர் கேன் வைக்கிற ஸ்டாண்டு செய்தபோது எதிர்வீட்டு உண்ணாமலை தனக்கொன்று கேட்டாள். கைப்பிடி போன குக்கர்கள் இப்போது நேராகப் பின்கட்டுக்கே வந்தன. இரும்புக்கு ஒரு பிரஷ், எவர்சில்வருக்கு ஒரு பிரஷ் என்று தனித்தனி ஆணியில் மாட்டியிருந்தாள். ஒரு வருஷத்தில் அவள் பார்த்த ஒன்றில்கூடப் பழுப்புப் புள்ளி வரவில்லை. சித்திரையில் பாத்திரக் கடை வேலையை விட்டுவிட்டாள்.

புரட்டாசியில் மீனம்மாள் வந்தார்.

திருமயத்தில் மெஸ் நடத்துகிற அம்மாள். கடையில் அண்டா வாங்கிய காலத்திலிருந்தே பழக்கம். ஹைவேயை ஒட்டிப் புதுக் கட்டடம் எடுத்திருந்தார். திங்கட்கிழமை பால் காய்ச்சி, அன்று மத்தியானமே இலை போட வேண்டும். எல்லாம் தயார், சாப்பிட வருகிறவர்கள் கை கழுவுகிற தொட்டி மட்டும் இல்லை.

"முத்துராஜுகிட்டக் கேட்டேன். ரெண்டு வாரம் ஆகுமுன்னுட்டாக. ஆறடி நீளம், நாலு பைப்பு. நீ செய்வியா, சொல்லு."

சுகுணா அதுவரை செய்ததில் பெரியது தண்ணீர் கேன் ஸ்டாண்டு. அதில் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை.

"செய்றேன்ம்மா."

"செய்றேன்னு சொல்றது பெருசில்லை ஆத்தா. எனக்கு ஒழுகக் கூடாது. புது டைல்ஸு. மொத நாளே கீழ தண்ணி நின்டு ஒருத்தர் வழுக்கி விழுந்தாகன்னு வையி, அப்பறம் என் சோத்தைப் பத்தி எவனும் பேச மாட்டான். உன் தொட்டியைத்தான் பேசுவான்."

விஷயம் அப்படியே முத்துராஜின் காதுக்கும் போனது. தகடு மடக்குகிற கடையில் சுகுணாவைப் பார்த்தவர், "கேள்விப்பட்டேன். ஒழுகுச்சுன்னா கொண்டாங்க, வெளியில பேசிக்க மாட்டேன்," என்றார். நல்லதுக்குச் சொன்னதா, குத்தலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. இந்தத் தொட்டி நின்றால் அவள் வெல்டர். ஒழுகினால், டிரைவர் பெண்டாட்டி வீட்டில் வைத்து விளையாடிய கதையாகிவிடும்.

மடக்கிக் கொண்டுவந்த தகடு நீளமான கால்வாய் மாதிரி இருந்தது. இரண்டு கோடியும் திறப்பு. அந்த இரண்டு கோடிக்கும் மூடித் தகடு வைத்து மூட வேண்டும். அடியில் தண்ணீர் போகிற குழாய்க்குக் கழுத்து. பிறகு நாலு கால். புதன்கிழமை மத்தியானத்துக்குள் கழுத்தையும் ஒரு பக்க மூடியையும் முடித்தாள். வெல்டு வைக்கும்போது பின்பக்கமும் காற்றுப் படக் கூடாது. பட்டால் உள்ளே பொரிந்துபோய், அந்தப் பொரியில் சோற்றுப் பருக்கை போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் பின்னால் அலுமினியத் தாள் ஒட்டி, அங்கேயும் ஒரு குழாயில் ஆர்கான் விட்டிருந்தாள். திறந்து பார்த்தால் உள்ளும் புறமும் பொன் மாதிரி இருந்தது.

அன்றைக்கு ஆயுத பூஜை. டிப்போவில் பூஜையை முடித்துக்கொண்டு திருமுருகன் ஒரு கிண்ணம் நிறையக் குழைத்த சந்தனத்தோடு வந்தார்.

"பஸ்ஸுக்கு மட்டும் வெச்சுப்புட்டு உன் மிஷினுக்கு வெக்காம விட்டா நல்லாவா இருக்கும்?"

சுகுணா வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். "பாத்து வைங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் நன்றாகப் பார்த்துத்தான் வைத்தார். மிஷினைத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் பளபளவென்று துடைத்தார். சிலிண்டருக்கு மாலை. தகடு அறுக்கிற கிரைண்டருக்குப் பொட்டு. முகமூடிக்கு நெற்றியில் பட்டை. டப்பாவில் கிடந்த வெல்டிங் கம்பிகளையும் ஒதுக்கிவிடவில்லை. ஒவ்வொன்றாக உருவி, அதே துணியால் துடைத்து, ஒரு சாண் இடைவெளியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். மீதிச் சந்தனத்தை மூடாத பக்கத்துத் தகட்டு ஓரத்தில் வரிசையாக. மோகனப்ரியா படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாள். சுகுணாவுக்கே பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை விஜயதசமி. நல்ல நேரம் பார்த்துக் கண்ணில் பட்ட பொட்டுகளை ஈரத் துணியால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். டார்ச்சை அழுத்தியதும் படபடவென்று பொரிந்தது. குமிழி குமிழியாகக் கொப்பளித்தது. முகமூடியைத் தூக்கினால், கோடு கரிக்கட்டை. நடு நடுவே ஊசி குத்தின மாதிரி ஓட்டை.

கரண்டைக் குறைத்தாள். கூட்டினாள். டங்ஸ்டனை மாற்றினாள். போர்வையை இறக்கிக் கட்டினாள். காஸ்தான் கலப்படம் என்று முடிவுகட்டி, அன்று முழுக்க அலைந்து மறுநாள் வேறு சிலிண்டர் இறக்கினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடி உட்கார்ந்தபோதும் அதே கரி. ஒரு பக்கம் முழுசும் போட்டு முடித்தாயிற்று. தண்ணீர் ஊற்றினால் ஏழு இடத்தில் முத்து முத்தாகக் கசிந்தது.

திருமுருகன் டூட்டி முடித்து வந்து குனிந்து பார்த்தார். "பொடி ஓட்டைதானே? அடியில பசை வெச்சு அப்பிட்டு, மேல பாலிஷ் போட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரிஞ்சா ஒழுகுமா?"

"இன்னைக்கு ஒழுகாதுங்க. சுடு தண்ணி பட்டுப் பட்டு, ஆறு மாசத்துல பசை விட்டுரும். அப்ப வந்து யாரைத் திட்டுவாங்க? உங்களையா?"

அவர் எழுந்து கை கால் கழுவப் போனார். பதினோரு வருஷம் திட்டு வாங்கினவளிடம் அதற்கு மேல் என்ன பேசுவது?

சுகுணா தொட்டியின் இரண்டு கோடியையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அதே தகடு, அதே கை. புதன்கிழமை பொன், வியாழக்கிழமை கரி. நடுவில் என்ன மாறியது?

காலேஜிலிருந்து வந்த மோகனப்ரியா கொட்டகைக்குள் நுழைந்து மூக்கை உறிஞ்சினாள். "என்னம்மா, பின்கட்டு பூரா கோயில் மாதிரி மணக்குது? பூஜை முடிஞ்சு ரெண்டு நாளாச்சு."

சுகுணாவுக்கும் அந்த வாசனை நேற்றிலிருந்தே தெரிந்ததுதான். விஜயதசமி ஆயிற்றே, மணக்கத்தானே செய்யும் என்று விட்டிருந்தாள். இப்போது எழுந்து டப்பாவிலிருந்து ஒரு கம்பியை உருவினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சாணுக்கு ஒரு இடத்தில் மங்கலாக மஞ்சள் படிந்திருந்தது. விரலால் நீவினால் வழுவழுப்பு. மூக்கில் வைத்தால் சந்தனம். அதற்கு அடியில் தேங்காய் எண்ணெய்.

"ஏங்க," என்று கூப்பிட்டாள். "கம்பிக்கெல்லாமா வெச்சீங்க?"

"ஒண்ணு விடலை," என்றார் திருமுருகன் பெருமையாக.

மோகனப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு சுவர் ஓரமாகப் போய்விட்டாள். விஷயம் புரிந்ததும் திருமுருகனின் முகம் சுருங்கியது. "சாமிக்குத்தானே வெச்சேன். ஏன், பஸ்ஸு நல்லாத்தானே ஓடுது?"

"பஸ்ஸுக்கு டீசல் டாங்கிக்குள்ளயா சந்தனத்தை ஊத்துனீங்க? வெளியிலதானே வெச்சீங்க?" சுகுணாவுக்குக் கோபம் பாதி, சிரிப்பு பாதி. ஆனால் பழியை அவர் தலையில் முழுசாகக் கட்ட அவளால் முடியவில்லை. வடைக்கு அரைத்துக்கொண்டு "பாத்து வைங்க" என்றவள் அவள்தான். ஈரத் துணியோடு நிறுத்திக்கொண்டவளும் அவள்தான். எண்ணெய் ஈரத் துணிக்குப் போகாது என்பது, இத்தனை வருஷம் பாத்திரம் பார்த்தவளுக்குத் தெரியாதா?

பிரிக்காத புதுக் கட்டிலிருந்து ஒரு கம்பியை எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, துண்டுத் தகட்டில் ஒரு கோடு போட்டாள். பொன். பூஜைக் கம்பியில் ஒரு கோடு. கரி. அதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலை கரிப் பக்கத்தை முழுசாக அறுத்துத் தள்ளினாள். ஆறடித் தொட்டியில் ஒரு அங்குலம் போயிற்று. அறுக்கும்போது கிரைண்டர் போட்ட சத்தத்தில் உண்ணாமலை ஓடி வந்து, "ஐயையோ, செஞ்சதை ஏன்டி வெட்டுறே?" என்று கேட்டாள். சுகுணா கிரைண்டரை நிறுத்தாமல் அறுத்து முடித்தாள். மீனம்மாளுக்குப் போன் போட்டு, "ஒரு அங்குலம் கொறையும்மா. என் தப்பு," என்று மட்டும் சொன்னாள்.

"ஒரு அங்குலத்துல எவன் கை கழுவ மாட்டேங்கப் போறான்? ஒழுகாம கொண்டா," என்றார் மீனம்மாள்.

தகட்டு ஓரத்தை அசிட்டோனால் மூன்று தடவை துடைத்தாள். துணி வெள்ளையாகவே திரும்பி வந்த பிறகுதான் நிறுத்தினாள். கையுறையை மாற்றினாள். பின்னால் தாள் ஒட்டினாள். திருமுருகன் தொட்டியைப் பிடித்துக்கொள்ள வந்தவர், கையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, விரித்துக் காட்டினார்.

"எண்ணெய் இல்லை. பாத்துக்க."

புள்ளிகள் வைத்தாள். பிறகு கோடு. மூலை வரும் இடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு திரும்பினாள். வியர்வை புருவத்தில் இறங்கி இமையைத் தொட்டது. துடைக்கக் கை இல்லை. இடது கை ஊட்டிக்கொண்டே போயிற்று. முடித்து, காஸ் நிற்கும்வரை டார்ச்சை அங்கேயே பிடித்து, பிறகுதான் முகமூடியைத் தூக்கினாள்.

திருமுருகன் முதலில் பார்த்துவிட்டார். "சுகுணா," என்றார். கோடு பொன்னாகக் கிடந்தது.

கால்களை வைத்து முடித்ததும், கழுத்தை அடைத்துத் தொட்டியை விளிம்புவரை நிரப்பினார்கள். அடியில் செய்தித்தாள்களை விரித்தார்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் தாளில் தெரிந்துவிடும். அரை மணிக்கு ஒருமுறை யாராவது ஒருவர் போய்க் குனிந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை தாளை எடுத்து மடித்தபோது அது மொறமொறவென்று இருந்தது. குட்டியானை வண்டியில் தொட்டியை ஏற்றினார்கள். கட்டுவதற்குக் கயிறு போட்ட இடங்களிலெல்லாம் சுகுணா பழைய சேலைத் துண்டை மடித்து வைத்தாள், கீறல் விழாமல் இருக்க.

திங்கட்கிழமை மத்தியானம் திருமயத்தில் கூட்டம் தாங்கவில்லை. சுகுணா சாப்பிட உட்காரவில்லை. தொட்டிக்குப் பக்கத்துத் தூணோரமாக நின்றுகொண்டாள். நாலு பைப்பும் நிற்காமல் ஓடின. குழம்புக் கையும் மோர்க் கையும் வந்து வந்து போயின. ஒரு குழந்தையை விளிம்பில் உட்கார வைத்துக் கால் கழுவினார்கள். அவள் பார்வை முழுக்கக் கீழே டைல்ஸில்தான் இருந்தது. டைல்ஸ் காய்ந்தே கிடந்தது.

ஒன்றரை மணிக்கு முத்துராஜ் வந்தார். சாப்பிடப் போகவில்லை, நேராகத் தொட்டிக்கு வந்தார். கை கழுவினார். கழுவிவிட்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டி, ஊரே பார்க்கக் குத்தவைத்து அடியில் எட்டிப் பார்த்தார். எழுந்து, உள்மூலையில் கட்டைவிரலை வைத்து ஒரு கோடியிலிருந்து இழுத்துக்கொண்டே போனார். மறு கோடிக்கும் போய் அதே மாதிரி இழுத்தார். சுகுணா தூணை விட்டு அசையவில்லை.

"பின்னாடி காஸ் விட்டிருக்கீங்க," என்றார்.

"ஆமாண்ணே."

"நிமிஷத்துக்கு எத்தனை லிட்டரு?"

"முன்னாடி எட்டு, பின்னாடி நாலு."

அவர் கட்டைவிரலைத் துண்டில் துடைத்தார். "நான் ஒரு பால் கேனுக்குப் பத்து விட்டேன். உள்ளாற பொரிஞ்சு போச்சு."

"அம்புட்டு வேணாம்ணே. காஸு வேகமாப் போனா வெளிக் காத்தையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிரும். கொறைச்சுப் பாருங்க. அப்பவும் சரியா வரலேன்னா கேனைக் கொண்டாங்க, பாப்போம்."

பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்தவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முத்துராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "சரி, புதன்கிழமை கொண்டாரேன்," என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்.

உள்ளேயிருந்து மீனம்மாள் குரல் கொடுத்தார். "ஏத்தா சுகுணா, தூணைப் பிடிச்சுக்கிட்டே நிப்பியா? எலை போட்டாச்சு, வா."

சுகுணா தொட்டியில் கை கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். நாலு நாளாகச் சோறு இறங்காமல் கிடந்தவள், அன்றைக்கு ரசத்துக்கு இரண்டு தடவை சோறு வாங்கினாள்.